மேகம் மறைத்த வெள்ளி



எங்கள் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் வானத்தில் மேகம் கூடினால் எல்லோருக்கும் சந்தோஷம். மானாவாரி பூமி அல்லவா! ஆனால் ஒரு மேகத்தால் மனம் உடைந்துபோன ஒருவர் இருந்தார். பெயர் கியோம் லெ ஜாந்தி. 1725-ல் பிரான்சில் பிறந்த வானியல் அறிஞர்.

பூமிக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரம் என்று சரியாகத் தெரியாத காலம் அது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பல நாடுகளிலிருந்து பார்த்து நேரம் குறித்தால் அந்தத் தூரம் கிடைத்துவிடும் என்று சொல்லியிருந்தார் ஹாலி. அப்படிக் கடப்பது 8 வருட இடைவெளியில் இரண்டு முறை வரும். விட்டால் நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்!

1760-ல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6 அன்று இவர் நடுக்கடலில். வெள்ளி தெரிந்தது, ஆடுகிற கப்பலில் அளக்கத்தான் முடியவில்லை.

மனிதர் ஊர் திரும்பவில்லை. அடுத்த 8 வருடமும் இந்தப் பக்கமே சுற்றினார். 1768-ல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 3 இரவு வானம் தெளிவு. மறுநாள் விடியலில் மேகம்! வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் அடித்தது. பாவம்...

1771-ல் பிரான்ஸ் திரும்பினால், இறந்துவிட்டார் என்று நினைத்து வாரிசுகள் சொத்தைப் பங்கு போடத் தயாராக இருந்தார்கள். அறிவியல் அகாடமியிலும் இவர் இடம் போயிருந்தது. பிறகு அதை மீட்டு, திருமணமும் செய்து, 1792 வரை வாழ்ந்தார்.

அப்படியானால் எல்லாமே நஷ்டமா? இல்லை. புதுச்சேரியில் தமிழர்கள் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு கிரகணம் கணிப்பதைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவு, ஐரோப்பாவின் மாயர் அட்டவணையோ 68 வினாடி அதிகம் என்று எழுதினார்.

உடனே காலரைத் தூக்கிவிட வேண்டாம். 1825-ல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் இதே முறையில் கணித்த கிரகணத்தை ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் 4 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை. காகிதமே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்தான்!

நம் ஆட்கள் வாய்வழியாகக் காத்ததை ஐரோப்பாவில் அச்சேற்றியவர், தேடி வந்ததைத் தவறவிட்ட லெ ஜாந்தி. பேரேட்டில் இதை வரவு என்றுதான் நான் எழுதுவேன். நீங்கள்?