கொல்லைப்புறத்துக் கத்தி

சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரையில் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் சித்திரக்குளத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் வாழ்ந்த வைதிகக் குடும்பங்களில், கிருகஸ்தன் ஒருவன் தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வதென்பது நினைத்தும் பாராத காரியம். குறித்த நாளில், பொழுது விடிந்ததும், சவரக் கருவிகள் வைத்த அடைப்பத்தை இடுக்கிக்கொண்டு சந்து வழியாகக் கொல்லைப்புறத்துக்கு நாவிதர் வருவார். கிணற்றடிக்கு அப்பால் குந்தியிருக்கும் வீட்டுக்காரருக்கு எதிரே தாமும் குந்திக்கொண்டு, கிண்ணி நீரை விரலால் தொட்டுத் தொட்டு நெடுநேரம் தேய்த்து உரோமத்தை இளக்கி, தோல்வாரில் கத்தியைத் தீட்டி, மழித்துவிட்டுப் போவார். செவ்வாய், வெள்ளி, சனி ஆகாது. அமாவாசையும் ஜன்ம நட்சத்திரமும் ஆகா. க்ஷவரம் முடிந்ததும் எதையும் தொடாமல் நேரே ஸ்நானம் செய்தாக வேண்டும்.

கழுத்து நரம்பின்மேல் கத்தி வைக்கும் அளவுக்கு ஒருவரை நம்பிய சமூகம், அவரை ரேழியில் கால் வைக்கவிடவில்லை என்பதையும், நரைத்த தலையரான அவரை அவ்வீட்டுச் சிறுவர்கள்கூட ஒருமையில் அழைத்தார்கள் என்பதையும் எண்ணும்போது மனம் கூசுகிறது. அவரோ வெறும் மழிப்புத் தொழிலாளி அல்லர். கட்டியைக் கீறி ஆற்றும் சிகிச்சை அவருக்குத் தெரியும். அவர் மனைவியே ஊருக்கு மருத்துவச்சி. கல்யாணங்களில் வாத்தியம் வாசித்தவர்களும் அக்குலத்தாரே. சென்னை மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூலில் இவற்றையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். 1885-இல் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி ஏற்படுவதற்கு முன்பு சென்னையில் பிறந்த குழந்தைகளில் எத்தனையோ பேரை முதலில் ஏந்திய கைகள் அந்த மருத்துவச்சிகளுடையவை.

அதே கத்திக்கு மற்றொரு வேலையும் இருந்தது. அதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்ததும் அதுதான். 1890-இல் பம்பாயில், தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியால் நாவிதர்கள் ஒன்றுகூடி, விதவைகளின் தலையில் கத்தி வைப்பதில்லையென்று உறுதி பூண்டார்கள். கற்றறிந்தவர்கள் சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் கத்தி பிடித்தவர்கள் காட்டிய தர்மம் அது. மயிலாப்பூரில் 1886-இல் பிறந்து, பால்யத்திலேயே விதவையாகி, 1911-இல் பி.ஏ. பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, மறு ஆண்டிலேயே இளம் விதவைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கியதும், பின்னர் அது கடற்கரை ஐஸ் ஹவுஸில் வளர்ந்ததும் நம் ஊரார் பெருமையோடு நினைக்கத்தக்கவை.

நாவிதரின் கொல்லைப்புற வருகை நின்றதற்கு ஜில்லெட்டின் சவரக் கருவியே காரணம் என்று பலர் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1903-இல் விற்பனைக்கு வந்த அக்கருவி, அவ்வாண்டில் 51-தான் விற்றது. அடுத்த ஆண்டில் 90,000-ஐத் தாண்டியது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் பைகளில் ஏறி உலகெங்கும் பரவியது. ஆனால் மயிலையைப் பொறுத்தவரையில், கருவியைவிடக் குடுமியின் மறைவே பெரிய காரணம் என்பது என் துணிபு. குடுமிக்காரரின் முன்னந்தலை மழிக்கப்பட வேண்டும். அதைத் தன் கையால் தானே செய்துகொள்வது எளிதன்று. கச்சேரிக்கும் ஆபீஸுக்கும் போனவர்கள் கிராப்பு வைத்துக்கொண்ட பிறகு, முடி சலூனுக்குப் போயிற்று, முகம் வீட்டு ஜன்னலுக்கு வந்தது.

என் தாத்தா அந்த ஜன்னல் தலைமுறையைச் சேர்ந்தவர். கம்பியில் கட்டிய கண்ணாடியின் முன் பித்தளைச் சொம்பில் வெந்நீரோடு உட்கார்ந்து, சோப்பைப் பிரஷால் குழைத்து நுரை பொங்க வைப்பார். அதில் ஒரு பொட்டு என் கன்னத்துக்கும் உண்டு. நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து உந்தி, மூக்கு நுனியை இரு விரலால் தூக்கிப் பிடித்து, முதலில் மேலிருந்து கீழாகவும், மறுமுறை எதிர்வாக்கிலும் மழிப்பார். நுரையை வழித்துப் போடச் சதுரமாகக் கிழித்த பத்திரிகைத் தாள் அருகில் இருக்கும். கடைசியில் படிகாரக் கட்டியை நனைத்துத் தடவுவார். உப்புக்காற்றில் பழைய எஃகு பிளேடு ஒரே இரவில் துருவேறிவிடுமாகையால், அதைக் கழற்றித் துடைத்து வைப்பது அவருக்கு ஓர் அநுஷ்டானம். மழுங்கியதைக் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேய்த்து மேலும் சில நாள் ஓட்டுவார். அதற்கும் அப்பால் அது என் பென்சிலுக்கும் பாட்டியின் தையல் பிரிப்புக்கும் உரியதாகும். மல்ஹோத்ரா நிறுவனத்தாரின் பாரத், டோபாஸ் பிளேடுகள் பெட்டிக்கடைதோறும் கிடைத்த காலத்திலும் அவருடைய சிக்கனம் குறையவில்லை. செவ்வாய், வெள்ளிகளில் கண்ணாடியை அவர் தொட்டதில்லை. சவரத்துக்குப் பின் ஸ்நானத்தை விட்டதுமில்லை. தீட்டு நாவிதரின் ஸ்பரிசத்தால் வந்ததென்று எண்ணியிருந்தவர்கள், அவர் கை படாத முகத்துக்கும் அதே நீராட்டு வேண்டியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும்.

கொல்லைப்புற வேலையை இழந்த நாவிதர்களில் சிலர் லஸ்ஸிலும் பாண்டி பஜாரிலும் அடையாற்றிலும் வாடகைக்குக் கடை பிடித்து, நாற்காலியும் பெரிய கண்ணாடியும் போட்டுச் சலூன் வைத்தார்கள். தொழில் பிழைத்ததைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அங்கே வருகிறவர் தலைவாசல் வழியாகத் தொழிலாளியின் இடத்துக்கு வந்து, முறைக்காகக் காத்திருந்து, கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பது. ஆயினும், எல்லா ஜாதியாருக்கும் அந்த நாற்காலி சமமாகக் கிடைக்க நீண்ட காலமாயிற்று. நம் கிராமங்களில் சில இன்னும் அதை மறுக்கின்றன. பட்டணத்துச் சலூன்களில் பல இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கின்றன. பஞ்சாங்கம் விலக்கி வைத்த அந்த நாளைத் தொழிலாளர்கள் தங்கள் வார விடுமுறையாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.