ஓடி முடிஞ்ச பிறகு அந்தக் காசு எங்க போகும்?

பதுளையில் ஒரு ஓட்டம் வைப்போம் என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் ஓட்டம். வின்சன்ட் டயஸ் மைதானத்தில் தொடங்கி ஐந்து கிலோமீட்டர், ஆளுக்கொரு டீ ஷர்ட், கடைசியில் ஒரு மெடல். வட்ஸ்அப் குழுவில் ரெண்டே நாளில் பெயர்கூட வைத்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஒருத்தியின் லயத்து வாசலில் உட்கார்ந்து இதையே பேசிக்கொண்டிருந்தபோது, அவளுடைய அம்மாயி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்: "ஓடி முடிஞ்ச பெறகு அந்தக் காசு எங்கடி போகும்?"

எங்களிடம் பதில் இல்லை. அதனால் இப்படி ஓடினவர்கள், நடந்தவர்கள் சேர்த்த காசு எங்கே போனது என்று தேடிப் பார்த்தோம். அந்தத் தேடல்தான் இந்தக் கட்டுரை.

புற்றுநோய்க்காக ஓடுவது என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வரும் பெயர் டெரி ஃபொக்ஸ். கனடாக்காரர். 1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சில வருடங்களுக்கு முன்பு வந்திருந்தால் பிழைப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு, இடையில் வந்த புதிய மருந்துகளால் இப்போது பாதிக்குப் பாதி என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சின்ன இடைவெளியில் யாரோ செய்த ஆராய்ச்சிதான் தனக்கு உயிர் தந்தது என்று அவர் புரிந்துகொண்டார். ஆகவே காசு ஆராய்ச்சிக்கே போக வேண்டும் என்றார். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். தினமும் ஏறக்குறைய ஒரு மரதன் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரியவந்து செப்டெம்பர் 1ஆம் திகதி நிறுத்தினார். 1981 ஜூன் 28ஆம் திகதி இறந்தபோது வயது 22. நம்ம வயசு. கனேடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் என்பது அவர் கனவு. இறப்பதற்கு முன்பே 2 கோடி 40 லட்சம் டொலர் சேர்ந்தது. அதே வருடம் செப்டெம்பரில் அவர் பெயரில் முதல் ஓட்டம் நடந்தது. இன்றுவரை நடக்கிறது.

இலங்கையில் நேர்ச்சைக்காக நெடுந்தூரம் நடப்பது புதுசு இல்லை. யாழ்ப்பாணத்துச் சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்டு, கிழக்குக் கரை வழியே திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் தாண்டி, குமண, யால காடுகளுக்குள் புகுந்து கதிர்காமம் வரும் பாத யாத்திரை நமக்குத் தெரிந்ததுதான். கதிர்காமம் இருப்பது நம் ஊவா மாகாணத்தில், மொனராகலை மாவட்டத்தில். பிள்ளைக்குச் சுகமாக வேண்டும், அம்மாவுக்கு ஒப்பரேசன் நல்லபடி முடிய வேண்டும் என்று நோயை நினைத்து நடப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் எப்போதும் உண்டு.

2011 ஜூலையில் இன்னொரு நடை நடந்தது. போர் முடிந்து இரண்டே வருடம். ஆடை ஏற்றுமதித் துறையில் வேலை செய்த நண்பர்களான நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறை வரை நடப்பது என்று தீர்மானித்தார்கள். 'ட்ரெயில்' என்று பெயர். 27 நாட்கள், சுமார் 670 கிலோமீட்டர். வழியெல்லாம் ஆட்கள் சேர்ந்தார்கள். சேர்ந்த காசு தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கட்டப் போனது. 2016 ஒக்டோபரில் திருப்பி நடந்தார்கள், வடக்கிலிருந்து தெற்குக்கு. இந்த முறை காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்காக. தம்பியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவும் அந்த நடையில் முன்னின்றார். அதே 2016இல், புற்றுநோயால் மகனை இழந்த ஒரு தகப்பன் தொடங்கிய முயற்சியில், மஹரகம ஆஸ்பத்திரிக்குப் பெட் ஸ்கேனர் வாங்க 20 கோடி ரூபாய் என்ற இலக்கோடு நாடு முழுக்க உண்டியல் குலுங்கியது.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஒன்று உறைத்தது. டெரி ஃபொக்ஸின் காசு ஆராய்ச்சிக்குப் போனது. நம் நாட்டில் நடந்தவர்களின் காசு கட்டடத்துக்கும் மெஷினுக்கும் போனது. அது தப்பு இல்லை. வார்டே இல்லாத இடத்தில் முதலில் வார்டுதான் வேண்டும். ஆனால் மலையகத்துக்கு எது முதலில் வேண்டும்?

கட்டடம் என்று பார்த்தால் தோட்டத்துக்கு மருத்துவம் ரொம்ப காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்றைப் பிரித்தானிய அரசு கொண்டுவந்தது. கூட்டிவந்த ஆட்கள் செத்து விழுந்தால் தோட்டம் நடக்காது. ஆராய்ச்சியும் வந்தது. 1916இல் ரொக்பெல்லர் அமைப்பு கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தோட்டங்களில் தொடங்கியது. சோகை பிடித்த உடம்பு கொழுந்து குறைவாக எடுக்கும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. வேலையைக் கெடுக்கும் நோய்க்கு மருந்து சீக்கிரம் வந்தது. வயசானபிறகு, பென்ஷன் எடுத்தபிறகு வரும் நோயைப் பார்க்க அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

வாய்ப்புற்று அப்படிப்பட்ட நோய். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் இதுதான். காரணம் நமக்குத் தெரியாதது இல்லை. குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு பொயிலை. விடியக்காலைப் பிரட்டிலிருந்து கொழுந்து மடுவம் வரை வாயில் அது இருக்கும். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1985இலேயே சொன்னது. 2004இல் வெளியான அறிக்கையில், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்றும் உறுதிசெய்தது. "நான் பொயல போடுறதில்லயே" என்று சொல்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி சொல்லப்போகும் ஆராய்ச்சிதான் எங்கள் திட்டத்தை மாற்றியது. 1980களின் தொடக்கத்தில், நமக்குப் பக்கத்திலேயே, மத்திய மாகாணத்தில் நடந்தது. சமபால வர்ணகுலசூரியவும் அவருடைய குழுவினரும் சாதாரண சுகாதார ஊழியர்கள் 34 பேருக்கு வாயைப் பார்த்துச் சந்தேகமான புண்ணை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் 28,000 பேருக்கு மேல் வாயைப் பார்த்தார்கள். 1,200க்கு மேற்பட்டோருக்கு ஏதோ இருந்தது. பெரிய மெஷின் ஒன்றும் இல்லை. வெளிச்சமும் பழகிய கண்ணும் போதும் என்று 1984இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்ததில், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது என்று 2005இல் வெளியானது.

ஆக, ஆராய்ச்சி முடிந்துவிட்டதா? மத்திய மாகாணத்து ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சந்தேகப்பட்டு மேற்பரிசோதனைக்கு வரச்சொன்னவர்களில் வந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் வரவில்லை.

ஏன் வரமாட்டார்கள் என்று தோட்டத்தில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. மத்தியானம் திரும்பினால் அரைப் பேர்கூடக் கிடைக்குமோ கிடைக்காதோ. பஸ்ஸுக்குக் காசு. கூடப் போகிற ஆளுக்கும் பேர் போகும். அங்கே என்ன மொழியில் பேசுவார்கள் என்ற பயம் வேறு. வலிக்காத வெள்ளைத் தழும்புக்காக யார் ஒரு பேரை விடுவார்கள்? வலி வந்தபிறகு போனால், அங்கிருந்து மஹரகமவுக்கு அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதை கொழும்புக் கோட்டை வரை சுமார் 290 கிலோமீட்டர். வாய்ப்புண்ணோடு, கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு, அந்த ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போகிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் ஓட்டத்தை மாற்றி யோசித்திருக்கிறோம். சேரும் காசில் டீ ஷர்ட்டும் மெடலும் இல்லை. முதலாவது, பல் வைத்தியர் ஒருவரின் மேற்பார்வையில் தோட்டங்களில் வாய்ப் பரிசோதனை. சம்பள நாளில், மடுவத்துக்குப் பக்கத்திலேயே. இரண்டாவது, சந்தேகமானவர்கள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு அந்த ஒரு பேரின் சம்பளம், பஸ் காசு, கூடவே சிங்களம் பேசத் தெரிந்த எங்களில் ஒருவர். மூன்றாவது, வரச்சொன்னவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பேர் விவரம் வெளியே போகாமல் எண்ணி எழுதி வைப்பது. பேரின் சம்பளத்தைக் கொடுத்தால் பாதி என்ற அந்தக் கணக்கு மாறுமா? மாறினால் அதுவும் ஒரு ஆராய்ச்சிதான். மாறாவிட்டால் நாம் நினைத்த காரணம் தப்பு என்று தெரியும், அதுவும் வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் வெற்றிலை போடும் யாராவது இருந்தால் இன்றைக்கே ஃபோன் டோர்ச்சை அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, காரம் பட்டால் எரிச்சல், வாய் முன்போல விரியாதது, இதில் ஒன்று இருந்தாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாங்கள் அன்றைக்கு அம்மாயியின் வாயைப் பார்க்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. போன வாரம்தான் கேட்டோம். சிரித்துவிட்டு, வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் தழும்பு. என்னவென்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை பதுளைக்குக் கூட்டிப் போகிறோம். பேத்தி அன்றைக்கு லெக்சருக்குப் போகமாட்டாள், மகள் கொழுந்துக்குப் போகமாட்டாள். எங்கள் நிதியில் எழுதப்போகும் முதல் செலவு அந்த மகளுடைய ஒரு பேர்.