கப்பல் பட்டியலில் ஒரு பாக்கம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணியடித்த பிறகும் பாடத்தை முடிக்காத ஆசாமி நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் தை மாதம், ஒரகடத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கம்பெனி வேலையாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போனபோது அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் அவனுக்குப் பழக்கமாகியிருக்கிறது. தமிழ்க் குடும்பம் என்றாலும் தமிழ் பேச வராது. அந்த வீட்டு அம்மாவுக்கு என் வயது இருக்கும், அவரும் ஓய்வு பெற்ற ஆசிரியை. அவருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடிக்கொண்டிருக்கிறார். "சார், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பேர் இருக்கு, பாருங்க" என்று எழுதியிருந்தான்.

படத்தில் இருந்தது கப்பல் பட்டியலின் ஒரு வரி. இது என்ன பட்டியல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்களே, அதில் முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. பெயர் 'ட்ரூரோ'. 1860 நவம்பர் 16-ஆம் தேதி 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. 1911-இல் நிறுத்தும்வரை போனவர்கள் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். இவ்வளவு துல்லியமாக எண்ண முடிவதற்குக் காரணம், இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகப் பத்திகள். தாணா என்றால் போலீஸ் சரகம். அந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் பார்க்கலாம். (மொரீசியஸ் போனவர்களின் ஆவணங்கள் அங்கே மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. சிலருக்குப் புகைப்படமே உண்டு.)

அந்த அம்மாவின் தாத்தா போனது 1890-களில். வயது 22. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. ஜில்லா செங்கல்பட்டு. தாணா, பிழையான எழுத்துகளில் ஸ்ரீபெரும்புதூர். கிராமத்தின் பெயரில் கடைசிப் பகுதி மட்டும்தான் தெளிவு: 'பாக்கம்'.

செங்கல்பட்டு ஜில்லாவில் 'பாக்கம்' என்று முடியும் ஊரைத் தேடுவது, ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் நின்று "முருகா" என்று ஆளைக் கூப்பிடுவது மாதிரி. பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம், காட்டரம்பாக்கம், தேவரியம்பாக்கம் என்று நம் பக்கத்திலேயே எத்தனை! மாம்பாக்கம் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலும் ஒன்று உண்டு. ஒரகடம் அம்பத்தூரிலும் உண்டு. வல்லம் செங்கல்பட்டுப் பக்கத்திலும் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. தாணா என்ற பத்தி மட்டும் இல்லாவிட்டால் முதல் நாளே கையை விரித்திருப்பேன்.

இந்தக் கதையை டப்ளினில் செவிலியராக இருக்கும் என் மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். சிரித்தாள். "இங்க கோடைக்காலம் வந்தா அமெரிக்காக்காரங்க இதே வேலையாத்தான் சார் வர்றாங்க" என்றாள். அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' என்று சிறு சிறு ஊர்ப்பகுதிகள் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தாத்தா எந்த டவுன்லேண்ட் என்பது தெரியாவிட்டால் தேடல் நகராது. போதாக்குறைக்கு, 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகமே வெடித்து எரிந்து, 1821 முதல் 1851 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன. அதனால் வரி போடுவதற்காக 1847-க்கும் 1864-க்கும் இடையே எடுத்த கிரிஃபித் மதிப்பீடு என்ற கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் தேடுகிறார்கள். நிலச்சுவான்தாரிடம் குத்தகைக்கு இருந்தவன் பெயரும், வெறும் குடிசைக்கு வாடகை கொடுத்தவன் பெயரும்கூட அதில் ஏறியிருக்கிறதாம்.

அவள் சொன்ன அந்தக் கடைசி விஷயம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

நான் என்ன செய்தேன் என்றால், எழுத்துக்கு ஒத்துவரும் மூன்று பாக்கங்களை எடுத்துக்கொண்டேன். (எந்த ஊர்கள் என்று எழுதப்போவதில்லை. டர்பன் அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டார்.) மூன்று ஊருக்கும் பஸ்ஸில் போனேன். கோயில் வாசல், டீக்கடை, பழைய கர்ணம் வீடு. கர்ணம் வேலை 1980-இலேயே ஒழிக்கப்பட்டாலும் அந்த வீடுகளில் யாருக்காவது பழைய விவரம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. எல்லா இடத்திலும் ஒரே பதில்: "நம்ம ஊர்லேர்ந்து அப்படி யாரும் கப்பல் ஏறலைங்க வாத்தியாரே." இரண்டாவது ஊரில் மோர் கொடுத்து உட்கார வைத்தே சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். கிடைக்கவில்லை என்று டர்பனுக்கு எழுதியும் போட்டேன்.

அடுத்த வாரம் ஒரகடம் சந்திப்பில், பாரந்தூக்கி வண்டி ஓட்டும் இன்னொரு மாணவனைப் பார்த்தேன். நான் தேடிய மூன்று ஊர்களில் ஒன்றுதான் அவனுக்கும் ஊர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சார், எங்க பக்கம் வந்து கேட்டீங்களா?" என்றான்.

கேட்கவில்லை. காலனிப் பக்கம் போகவே இல்லை. முப்பத்திரண்டு வருடம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒருநாள்கூட அந்தத் தெருவுக்குள் நடந்ததில்லை என்பதும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

இத்தனைக்கும் பட்டியலில் சாதி என்ற பத்தியும் இருந்தது. அதில் எழுதியிருந்த சொல்லை இங்கே எழுத மனம் வரவில்லை. ஒதுக்கி வைக்கப்பட்டவன் என்ற பொருளில் ஆங்கிலேயர்கள் இன்றும் சர்வ சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல் அது. அதைப் படித்துவிட்டுத்தான் ஊர்த்தெருவில் போய்க் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா ஒவ்வொரு பத்திக்கும் விளக்கம் கேட்டபோது, அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, "விவசாயக் கூலி வேலை செய்தவர்" என்று எழுதினேன். அவர்கள் வீட்டுப் பெயரின் முடிவில் வேறொரு சாதிப் பட்டம் இருக்கிறது. கடல் தாண்டியவர்களில் அப்படிப் பட்டம் மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது தெரிந்தால் வருத்தப்படுவாரே என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

அவர் இரண்டே வரியில் பதில் எழுதினார்: "நீங்கள் ஒரு பத்தியை விட்டுவிட்டீர்கள் ஐயா. அந்தச் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும், எங்கள் நாட்டில் நாங்களும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள்தானே."

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். வேறு என்ன செய்ய?

இதற்குப் பிறகுதான் நான் படித்த சரித்திரம் எனக்கே புரியத் தொடங்கியது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் இந்த மாவட்டத்துச் சேரி மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அதற்கு அடிப்படை அந்த அறிக்கைதான். கடனுக்காகப் படியாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களைப் பற்றி அதில் இருக்கிறது. குடியிருக்கும் மனையும் மிராசுதார் கையில். எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யச் சொல்லலாம். சொந்தமாக நிலம் இல்லாதவன் பட்டாவில் வரமாட்டான், கிராமக் கணக்கிலும் வரமாட்டான். அயர்லாந்தில் குடிசைக்காரன் பெயரை வரிக்கணக்கு எழுதி வைத்தது. இங்கே இவருடைய பெயர், தகப்பன் பெயர், காலில் இருந்த தழும்பு எல்லாம் முதல் தடவையாகக் காகிதத்தில் ஏறியது கப்பல் ஏறியபோதுதான்.

தாது வருஷப் பஞ்சம் 1876-78. அப்போது அவர் கைக்குழந்தையாகவோ சிறு பிள்ளையாகவோ இருந்திருப்பார். நேட்டாலில் முதல் வருடக் கூலி மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், ஐந்து வருட ஒப்பந்தம். 1895-இல் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் போடாமலும் அங்கேயே இருந்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. 1913 போராட்டம் இந்த வரியை எதிர்த்தும்தான். வகுப்பில் தில்லையாடி வள்ளியம்மையோடு அந்தப் பாடத்தை முடித்துவிடுவேன். வரியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பாமல் இருந்தவர்களைப் பற்றிச் சொன்னதே இல்லை. திரும்பி வர அவர்களுக்கு இங்கே என்ன இருந்தது?

அந்த மாணவனோடு காலனிக்குப் போனேன். அவனுடைய பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். "கரும்பு வெட்டப் போனவரு, வரவே இல்ல" என்று அவருடைய மாமியார் ஒருவரைப் பற்றிச் சொல்வாராம். எந்தத் தேசம் என்று தெரியாது. பட்டியலில் உள்ள தகப்பன் பெயர் அவர்கள் குடும்பத்தில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருகிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நம் வழக்கம்தான். ஆனால் அந்தப் பெயர் இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். அதனால் இதுதான் அந்தக் குடும்பம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். இருக்கலாம், அவ்வளவுதான். டர்பனுக்கும் அப்படியே எழுதினேன்.

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தந்தது வேறொன்று. டர்பன் வீட்டில் எல்லாம் மறந்தும், ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நிற்கவில்லையாம். ஆங்கிலத்தில் 'கஞ்சி வழிபாடு' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கரகம், வேப்பிலை, கூழ். அதைச் சொன்னதும் பாட்டி, "அப்ப நம்ம ஜனந்தான்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நேட்டால் தமிழர்கள் பல குடும்பங்களில் இந்த வழக்கம் உண்டு, இதை வைத்து ஒரு ஊரை முடிவு செய்ய முடியாது என்று விளக்கப் பார்த்தேன். "நீ சும்மா இரு வாத்தியாரே" என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது தொழிற்பேட்டைச் சாலையில் ஒரு விடுதி வாசலில் பீகார், ஒடிசாப் பையன்கள் வரிசையில் நின்றார்கள். காண்ட்ராக்டர் ஆள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். சும்மா எட்டிப் பார்த்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், கிராமம், அங்க அடையாளம். கிராமத்தின் பெயரை அந்தப் பையன் இரண்டு தடவை சொன்னான். எழுதியவர் காதில் விழுந்தபடி ஏதோ எழுதினார். "தம்பி, இன்னொரு தடவை கேட்டு எழுதுப்பா" என்றேன். முறைத்தார்.

டர்பன் அம்மா இந்த ஆடிக்கு மகளோடு வருகிறார். காலனியின் பழைய இடம் எது என்று காட்ட வேண்டும். பழைய கிணறு இருந்த மேய்க்கால் இப்போது மதிலுக்கு உள்ளே போய்விட்டது, வெளியிலிருந்து கையை நீட்டித்தான் காட்ட முடியும். மூன்றாவது ஞாயிறு கூழ். ஒரகடம், வல்லம் பக்கம் இருக்கும் மாணவர்கள் முடிந்தால் வாருங்கள். யாராவது கார் கொண்டுவந்தால் விமான நிலையத்துக்குப் போக உதவும்.

பாட்டி ஒன்று கேட்டார்: "அவங்க கேவுரு கூழு குடிப்பாங்களா, இல்ல நோயில தாளிச்சுக் கஞ்சி வைக்கட்டுமா?" எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.