தாயை விட மகள் மூத்தவளா? - நட்சத்திரங்களின் வயதுக் கணக்கு

தாயை விட மகளுக்கு வயது அதிகமாக இருக்க முடியுமா? 1994-ல் வானியலாளர்களின் கணக்கு அப்படித்தான் வந்து நின்றது!

ஹபிள் தொலைநோக்கியின் உதவியால் பேரண்டம் விரியும் வேகத்தை அளந்தவர்கள், அதன் வயது 800 முதல் 1,200 கோடி ஆண்டுகள் என்றார்கள். நட்சத்திரங்கள் எரியும் விதத்தை வைத்துக் கணக்கிட்டவர்களோ, மிகப் பழைய நட்சத்திரங்களுக்குச் சுமார் 1,500 கோடி என்றார்கள். எங்கோ தவறு.

1998-ல், பேரண்டம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது தெரியவந்தது. அதனால் பேரண்டத்தின் கணக்கிட்ட வயது உயர்ந்தது. ஆனாலும் இரு தரப்பையும் சாராத ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அந்தச் சாட்சி நட்சத்திரத்துக்குள்ளேயே இருந்தது: கதிரியக்கத் தனிமங்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இயந்திரத்துக்குக் குறைந்துசெல் மதிப்பு முறையில் தேய்மானம் போடுவார்கள் அல்லவா? அதே கணக்குதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள். தோரியம்-232-க்கு 1,405 கோடி. ஆரம்ப இருப்பும் இன்றைய இருப்பும் தெரிந்தால் வயது கிடைத்துவிடும்.

1987-ல் ஹார்வி புட்சர் தோரியத்தை நியோடிமியத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆனால் தோரியம் மிக மெதுவாகத் தேய்வது. அளவில் சிறு பிழை வந்தாலும் வயது பல நூறு கோடி மாறிவிடும். யுரேனியம் வேகமாகத் தேய்வதால் நல்ல கடிகாரம். என்ன பயன்? நிறமாலையில் அதன் மெல்லிய கோடு, இரும்பு போன்றவற்றின் கோடுகளுக்கு நடுவே மறைந்துவிடும்.

2001-ல் அதிர்ஷ்டம் அடித்தது. சிலி நாட்டின் பரனால் மலையில் உள்ள பெரிய தொலைநோக்கியில், ரோஜர் கேரெல் குழுவினர் சிஎஸ் 31082-001 என்ற நட்சத்திரத்தை ஆராய்ந்தார்கள். அதில் இரும்பு மிகக் குறைவு, கன தனிமங்கள் ஏராளம். யுரேனியத்தின் கோடு தெளிவாகவே தெரிந்தது.

சரி, ஆரம்ப இருப்பை யார் பார்த்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் யுரேனியமும் தோரியமும் ஒரே வகை நிகழ்வில் பிறப்பவை. எந்த விகிதத்தில் பிறந்திருக்கும் என்பதை அணு இயற்பியல் கோட்பாடு மூலம் கணித்தார்கள். கிடைத்த வயது 1,250 கோடி ஆண்டுகள். 300 கோடி கூடலாம், குறையலாம்.

2007-ல் அன்னா ஃபிரெபெல் குழுவினர், இன்னொரு நட்சத்திரத்துக்கு இதே வழியில் 1,320 கோடி என்று கண்டார்கள். 2013-ல் பிளாங்க் விண்கலம் தந்த பேரண்டத்தின் வயது 1,380 கோடி.

ஆக, மகள் தாயை விட இளையவள்தான் என்று சொல்லலாம். ஆனால் அந்த 300 கோடியை மறந்துவிடக் கூடாது. இறுதி இருப்பு ஒளியில் அளந்தது. ஆரம்ப இருப்போ இன்றும் கோட்பாட்டுக் கணக்குதான்.