பல் துளையலகு

பல் துளையலகு என்பது சொத்தையை நீக்கவும் பல்லை வடிவமைக்கவும் பயன்படும் சிறிய சுழல் கருவியாகும். மருத்துவர்கள் இதனை பர் என அழைப்பர். வைரத்துகள் பதித்த அலகு கடினமான பற்சிப்பியைத் தேய்க்கிறது. டங்ஸ்டன் கார்பைடு அலகு பழைய உலோக அடைப்புகளை வெட்டுகிறது. பற்கூழுக்கு அருகிலுள்ள மென்மையான சொத்தையை மெதுவாகச் சுழலும் உருண்டை அலகால் அகற்றுவர். மெருகூட்ட ரப்பர்க் கிண்ணம் பயன்படுகிறது.

அலகின் தண்டு கைக்கருவியுடன் பொருந்த வேண்டும். நிமிடத்துக்கு 3 இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் காற்றுச்சுழலிக்கு 1.6 மி.மீ. தண்டும், குறைவேகக் கருவிக்கு 2.35 மி.மீ. தண்டும் உரியவை.

தேய்ந்த அலகு கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும். 1965இல் வெளியான குரங்குகள் மீதான ஆய்வில், பற்கூழின் வெப்பநிலை சுமார் 5.5 பாகை செல்சியசு உயர்ந்தபோது 15% பற்கூழ்கள் மீளவில்லை. எனவே கூர்மையான அலகும் நீர்த்தெளிப்பும் இன்றியமையாதவை.