இரவின் விலை 6,000 பவுண்டு

1948 ஜூலை 5இல் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது மருத்துவமனைகள் அரசுடைமையாயின. குடும்ப மருத்துவர்களோ அரசுச் சம்பளத்துக்கு இசையவில்லை. அமைச்சர் அனூரின் பெவன் இறங்கி வந்தார். பதிவு செய்துகொண்ட நோயாளியின் தலைக்கு இவ்வளவு என்று பெறும் ஒப்பந்தக்காரர்களாகவே அவர்கள் நீடித்தனர். பதிலுக்கு, பட்டியலில் உள்ளவருக்கு இரவும் பகலும் அவர்களே பொறுப்பு. நள்ளிரவில் மாற்று மருத்துவரை அனுப்பலாம்தான். ஆனால் அனுப்பியவர் பிறகு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழித்தாக வேண்டும்.

இடையில் எத்தனையோ சீர்திருத்தங்கள். 1991இல் மருத்துவர் கையிலேயே நிதியைக் கொடுத்துச் சந்தை நடத்திப் பார்த்தார்கள். 1999இல் அது கைவிடப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது 2004ஆம் ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்குச் சராசரியாக 6,000 பவுண்டு வருமானத்தை விட்டுக்கொடுத்தால், மாலை ஆறரை முதல் காலை எட்டு வரையும் வார இறுதியிலும் பொறுப்பில்லை. ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் விட்டுக்கொடுத்தனர். பேராசை என்று ஏசிய பத்திரிகைகளுடன் எனக்கு உடன்பாடில்லை, களைத்துப்போனவர்கள் அவர்கள். இரவுக்கு இத்தனை மலிவாக விலை வைத்தது அரசுதான். அதே ஒப்பந்தம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது போன்றவற்றுக்கு மொத்தம் 1,050 புள்ளிகள் ஒதுக்கிப் பணம் தந்தது. (நள்ளிரவில் வீடு தேடி வருவதற்குப் புள்ளி இல்லை.)

இரவுப் பொறுப்பு வட்டாரச் சுகாதார அமைப்புகளிடம் போயிற்று. அவற்றுள் பல, தனியார் நிறுவனங்களை அமர்த்தின. 2008 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ்ஷயரில், ஜெர்மனியிலிருந்து வார இறுதிப் பணிக்கு வந்த மருத்துவர் ஒருவர், பிரிட்டனில் தம் முதல் பணிநாளிலேயே எழுபது வயது நோயாளிக்கு அளவைப்போலப் பத்து மடங்கு டயமார்ஃபின் செலுத்தினார். நோயாளி இறந்தார். அதற்குமுன் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.