செஞ்சிச் சாலையில் பற்றறுத்தலின் இரு மரபுகள்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சிக்குச் செல்லும் சாலையின் இரு முனைகளிலும் துறவின் வரலாறு பதிந்திருக்கிறது. கிழக்கே சமண மரபு. மேற்கே அருணாசல மலையைச் சார்ந்த மரபு. பற்றை விடுவதற்கு இரண்டும் வெவ்வேறு வழிகளைக் கண்டன.

செஞ்சிக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் பெரும்பாறை ஒன்றின் மீது 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடம் இது என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தைச் சேர்ந்த கல்வெட்டு இது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரரைக் குறிக்கும் பிற்காலக் கல்வெட்டும் அங்கே உண்டு.

சல்லேகனை எனப்படும் இந்த நோன்பு எல்லோருக்கும் எப்போதும் உரியதன்று. தீராப் பிணி, முதுமை, பஞ்சம், விலக்க முடியாத இடையூறு ஆகியவை நேர்ந்தபோது மட்டுமே சமண நூல்கள் அதை ஏற்கின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகம் இதற்கு ஒரு வரிசை வகுக்கிறது. அந்நூலைத் தழுவியதே தமிழின் அருங்கலச்செப்பு. முதலில் விட வேண்டியவை அன்பு, பகை, பற்று, உடைமை. உற்றாரையும் பணியாளரையும் மன்னித்து, அவர்களிடம் இன்சொல்லால் மன்னிப்பும் கேட்க வேண்டும். துயரமும் அச்சமும் நீங்கிய பிறகே உணவைக் குறைக்கும் கட்டம் வருகிறது. மனம் விடாததை உடல் விட்டுப் பயனில்லை என்பதே இவ்வரிசையின் அடிப்படை.

இவ்வழக்கம் நம் காலத்தில் நீதிமன்றம் வரை சென்றது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைக் குற்றமெனத் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்தது.

மேற்கு முனையில் வரிசை தலைகீழானது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்த 16 வயது வேங்கடராமன், பின்னாளின் ரமணர், தலையை மழித்துக்கொண்டார்; பூணூலைக் களைந்தார்; வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கி, எஞ்சிய காசையும் எறிந்தார். உடைமை ஒரே நாளில் போயிற்று. உறவு அப்படிப் போகவில்லை. 1898 இறுதியில் தாய் அழகம்மாள் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்து, வீடு திரும்புமாறு அழுது மன்றாடினார். மௌனத்திலிருந்த ரமணர், நடப்பதெல்லாம் வினைப்படியே நடக்கும் என்ற கருத்தில் எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையுடன் திரும்பினார்.

1916இல் அவர் மகனுடன் தங்கவே வந்தார். மலையில் சமையல் தொடங்கியது. இளைய மகன் நாகசுந்தரமும் வந்து, நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் துறவு பூண்டார். வீட்டை விட்டு வந்தவரிடம் வீடே வந்து சேர்ந்தது. ஆனால் அங்கே தாய்க்கெனத் தனிச் சலுகை இல்லை, மற்ற அன்பர்களுக்கு உரிய இடமே அவருக்கும். 1922 மே 19 அன்று அவர் இறக்கும் வேளையில், ரமணர் ஒரு கையை அவர் தலையிலும் மறு கையை நெஞ்சிலும் வைத்து உடனிருந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றியே ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கு எழுப்பப்பட்ட மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தது.

சமண நெறியில் உறவினரிடம் மன்னிப்புக் கேட்பது துறவின் வாயில். ரமணரின் வாழ்வில் தாயை மீண்டும் ஏற்றது துறவுக்குப் பின் வந்தது. இரண்டிலும் விடப்பட்டது மனிதர்கள் மீதான உரிமை, மனிதர்கள் அல்லர்.